கன்வேயர் பாகங்கள்: நெய்வேலியில் ஒன்று, சாங்கியில் வேறு

ஊரிலிருந்து சிங்கப்பூருக்குப் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களில் பலருக்குக் கன்வேயர் புதிதில்லை. நெய்வேலிச் சுரங்கத்திலோ, தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலோ, அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலையிலோ சில வருஷம் பெல்ட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருப்பார்கள். இங்கே சாங்கி விமான நிலையத்தின் பெட்டி பிரிக்கும் கூடத்திலோ, பார்சல் கிடங்கிலோ, துவாஸ் பக்கத்துச் சாப்பாட்டுத் தொழிற்சாலையிலோ வேலைக்கு இறங்கியதும் குழப்பம் ஆரம்பிக்கிறது. காதில் விழும் பெயர்கள் எல்லாம் தெரிந்தவைதான்: பெல்ட், ரோலர், டிரைவ், டேக்-அப், டிராக்கிங். ஆனால் அங்கே பழகிய கைப்பழக்கத்தை அப்படியே இங்கே காட்டினால் சில இடங்களில் பலிக்கும், சில இடங்களில் பாகம்தான் கெட்டுப்போகும்.

கன்வேயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, அள்ளிக் கொட்டுகிற சரக்குக்கானது: நிலக்கரி, மண், சுண்ணாம்புக்கல், சாம்பல். அங்கே மணிக்கு எத்தனை டன் என்று கேட்பார்கள். மற்றது, எண்ணி அனுப்புகிற சரக்குக்கானது: பெட்டி, பை, பார்சல், தட்டு. இங்கே மணிக்கு எத்தனை உருப்படி என்று கேட்பார்கள். முதல் குடும்பத்தின் தலைவலி இழுவையும் சிந்தலும். இரண்டாவதன் தலைவலி, எந்த உருப்படி எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பது. ஒரு பாகத்தைப் பார்த்ததும் இது எந்தத் தலைவலிக்காக இங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அள்ளிக் கொட்டும் பெல்ட்

சிங்கப்பூரில் முதல் குடும்பம் கிடையாது என்று நினைக்க வேண்டாம். 1966-இல் கிழக்குக் கரையில் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கியபோது, பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டிய மண் கன்வேயர் பெல்ட்டில்தான் கடலை நோக்கி வந்தது. குன்றை வெட்டியது பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர், நெய்வேலிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே சக்கர இயந்திரம். மரின் பரேட் அடுக்குமாடி வீடுகள் நிற்பது அப்படித் தூர்த்த நிலத்தில்தான். இன்றைக்கும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் நிலையங்களில் மணலும் ஜல்லியும் பெல்ட்டில் ஏறுகின்றன. குப்பை எரிக்கும் ஆலைகளில் அடிச்சாம்பல் கன்வேயரில் போகிறது, போகிற வழியில் காந்தம் இரும்பைப் பொறுக்கி எடுத்துவிடும். ஜூரோங் தீவிலும் நிலக்கரி பெல்ட் உண்டு.

இந்த வகையில் பாகங்களைப் படிக்கச் சிறந்த வழி, சரக்கு விழும் இடத்தில் ஆரம்பித்துப் பெல்ட்டோடு கூடவே ஒரு சுற்று வருவது. சரக்கு விழும் முனை டெயில், அங்கே இருக்கும் உருளை டெயில் புல்லி. மேலே ஹாப்பர் என்ற சரக்குத் தொட்டியிலிருந்து சூட் என்ற சரிவுக் குழாய் வழியாகச் சரக்கு இறங்குகிறது. விழுகிற அடியைத் தாங்க அந்த இடத்தில் மட்டும் ரப்பர் வளையம் கோத்த இம்பாக்ட் ஐட்லர்களை நெருக்கமாக வைத்திருப்பார்கள். சரக்கு இரு பக்கமும் வழியாமல் இருக்க நிற்கும் பலகைகள் ஸ்கர்ட். அதைத் தாண்டினால் சுமக்கும் ஐட்லர்கள், பொதுவாக 1 மீட்டர் முதல் 1.5 மீட்டருக்கு ஒன்று. ஒரு செட்டில் மூன்று ரோலர்: நடுவில் படுத்த ஒன்று, இரு பக்கமும் 20, 35 அல்லது 45 டிகிரி சாய்ந்த இரண்டு. பெல்ட்டைத் தொட்டி மாதிரி வளைத்துப் பிடிப்பது அந்தச் சாய்வுதான். கடைசியில் சரக்கு கொட்டும் முனை ஹெட். பெரும்பாலும் மோட்டாரும் கியர்பாக்ஸும் அங்கேதான், அதனால் ஹெட் புல்லியையே டிரைவ் புல்லி என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நீண்ட பெல்ட்டில் டிரைவ் கீழே, திரும்பும் பாதையில் எங்காவது உட்கார்ந்திருக்கும்.

புல்லி வேறு, ஐட்லர் வேறு. பெல்ட் திசை திரும்பிச் சுற்றிக்கொள்ளும் உருளை புல்லி. பெல்ட்டின் கனத்தைத் தாங்கி உருள மட்டும் செய்வது ஐட்லர். புல்லியில் இழுவை முழுக்க இறங்குகிறது, ஐட்லரில் எடை மட்டும். ஒரு ஐட்லர் சிக்கி நின்றால் பெல்ட் அதன்மேல் தேய்த்துக்கொண்டு ஓடிவிடும், மாற்றும்வரை ஒப்பேற்றலாம் (நிலக்கரி பெல்ட்டில் அதையும் செய்யக் கூடாது, தேய்மானச் சூட்டில் தீப்பிடிக்கும்). புல்லி பேரிங் போனால் அப்படி ஒப்பேற்ற வழியே இல்லை.

இனி இழுவை. பெல்ட்டைச் சுழற்றுவது பல்லோ செயினோ கிடையாது, வெறும் உராய்வு. டிரைவ் புல்லிக்கு வந்து சேரும் பக்கம் இறுக்கமாக இருக்கும், அதை விட்டுப் போகும் பக்கம் தளர்ந்திருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கை நகர்த்துகிறது. வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினால் புல்லி சுற்றும், பெல்ட் நிற்கும், ரப்பர் நாற்றம் வரும். அந்த அளவைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: உராய்வு எவ்வளவு, புல்லியைப் பெல்ட் எத்தனை டிகிரி சுற்றித் தழுவியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உராய்வு எண் 0.3, தழுவல் 180 டிகிரி என்றால், இறுக்கப் பக்கம் தளர்ந்த பக்கத்தைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு வரை போகலாம். தளர்ந்த பக்கத்தில் 1 டன் இழுவை இருந்தால் மறுபக்கம் 2.6 டன், சரக்கை நகர்த்தக் கிடைப்பது 1.6 டன். இப்போது டிரைவ் புல்லிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புல்லியை வைத்து, பெல்ட்டைக் கொஞ்சம் அழுத்தி, தழுவலை 210 டிகிரி ஆக்குகிறோம். மடங்கு 3 ஆகிறது, கிடைப்பது 2 டன். மோட்டாரும் மாறவில்லை, பெல்ட்டும் மாறவில்லை, பிடிப்பு மட்டும் கால்பங்கு கூடிவிட்டது. அந்தச் சின்னப் புல்லிதான் ஸ்னப் புல்லி. டிரைவ் புல்லிமேல் ஒட்டியிருக்கும் வரிவரியான ரப்பர் உறை லேகிங், அது உராய்வைக் கூட்டுகிறது. மழையில் நனையும் பெல்ட்டுக்கு அந்த வரிகள் வேண்டும், நீர் வழிந்து போக. மழைக்குப் பஞ்சமில்லாத இந்த ஊரில் லேகிங் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், காலையில் ஒழுங்காக ஓடிய பெல்ட் சாயங்கால மழையில் வழுக்கும். அதைப் பார்த்துவிட்டு மோட்டாரைச் சோதிப்பவர்கள் உண்டு.

அந்த 1 டன் தளர்ந்த பக்க இழுவை எங்கிருந்து வந்தது? பெல்ட்டை இறுக்கி வைக்கும் டேக்-அப் தருவது. குட்டைப் பெல்ட்டில் டெயில் புல்லியின் இரு பக்கமும் போல்ட் இருக்கும், முறுக்கி இறுக்கலாம். நீண்ட பெல்ட்டில் ஓர் எடையைத் தொங்கவிடுவார்கள். டேக்-அப் புல்லியோடு சேர்த்து மொத்தம் 2 டன் தொங்கினால், பெல்ட் அந்தப் புல்லியை இரண்டு பக்கமும் தாங்குவதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 டன். பெல்ட் நீண்டாலும் சுருங்கினாலும் எடை இறங்கி ஏறிச் சரிசெய்துகொள்ளும், இழுவை மாறாது. டிரைவுக்கு அடுத்து, தளர்ந்த பக்கத்திலேயே அதை வைப்பதற்குக் காரணமும் இதுதான்: வழுக்கும் ஆபத்து அங்கே, மருந்தும் அங்கே.

பெல்ட் தாங்குமா? அதன் பெயரிலேயே பதில் இருக்கிறது. ஈபி 400/3 என்று அச்சிட்டிருந்தால், நீளவாக்கில் பாலியெஸ்டரும் குறுக்குவாக்கில் நைலானும் நெய்த துணி, மொத்தம் 3 அடுக்கு, அகலத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அறுவதற்கு 400 நியூட்டன் வேண்டும். 1,000 மி.மீ. அகலப் பெல்ட் அறுபடச் சுமார் 40 டன். பத்தில் ஒரு பங்கைத்தான் வேலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம், ஆக 4 டன். நம் கணக்கில் இறுக்கப் பக்கம் 3 டன்தான், பரவாயில்லை. 400 என்பது ஓர் அடுக்குக்கு என்று நினைத்து மூன்றால் பெருக்குவது அடிக்கடி நடக்கிறது. அது எல்லா அடுக்கும் சேர்ந்த பலம். பல கிலோமீட்டர் போகும் பெல்ட்டுகளில் துணிக்குப் பதில் எஃகுக் கம்பி இருக்கும், அதற்கு எஸ்டி என்று போட்டுப் பலத்தை எழுதுவார்கள்.

சரக்கைக் கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பும் பாதையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கொட்டிய பிறகும் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு திரும்பும் தூள்தான் முக்கால்வாசித் தொல்லைக்கும் காரணம். அது ரிட்டர்ன் ஐட்லரில் படிகிறது, உருளை ஒழுங்கற்றுத் தடிக்கிறது, பெல்ட் பக்கவாட்டில் ஓடுகிறது. அதனால்தான் ஹெட் புல்லியின் முகத்தில் தூளைச் சுரண்டும் ஒரு ஸ்கிரேப்பர், அதன் கீழே இன்னொன்று. டெயிலுக்குச் சற்று முன்னால், பெல்ட்டின் உட்பக்கம், வி வடிவில் ஒரு தடுப்பும் இருக்கும். கீழே சிந்திய கல் ஒன்று பெல்ட்டுக்கும் டெயில் புல்லிக்கும் நடுவே மாட்டினால் பெல்ட் ஓட்டையாகிவிடும், அந்தத் தடுப்பு கல்லை ஓரமாகத் தள்ளிவிடுகிறது. மேட்டில் ஏறும் பெல்ட்டானால் கியர்பாக்ஸ் பக்கம் ஹோல்ட்பேக் ஒன்றும் தேவை. கரன்ட் போனதும் சுமையோடு பெல்ட் பின்னோக்கி ஓடாமல் பிடிப்பது அதுதான்.

பெல்ட் ஒரு பக்கமாக ஓடினால் என்ன செய்வது என்பதற்கு ஒரே விதி போதும்: பெல்ட் ஓர் உருளையின் எந்த முனையை முதலில் தொடுகிறதோ, அந்த முனைப் பக்கம் நகரும். வலப்பக்கம் ஓடுகிறதா, ஐட்லரின் வலமுனையைப் பெல்ட் போகும் திசையில் கொஞ்சம் தள்ளு. இடமுனையை முதலில் தொட்டு இடப்பக்கம் திரும்பும். டெயிலில் பெல்ட் ஓடுகிற பக்கத்துப் போல்ட்டை இறுக்கு என்று பெரியவர்கள் சொல்வதும் இதே விதிதான், திரும்பும் பாதையில் பெல்ட் டெயிலை நோக்கி வருகிறது என்பதை நினைவில் வைத்தால் விளங்கும். கால் சுற்று முறுக்கிவிட்டு இரண்டு மூன்று சுற்று ஓட விடவேண்டும். பொறுமையில்லாமல் இன்னொரு கால் சுற்று, இன்னொரு கால் சுற்று என்று முறுக்கினால் பெல்ட் மறுபக்கம் போய் ஃபிரேமை அறுக்கும்.

எண்ணி அனுப்பும் பெல்ட்

பார்சல் கிடங்குக்கு வந்தால் மேலே சொன்னதில் பாதி காணாமல் போகிறது. தொட்டி வளைவு இல்லை, ஸ்கிரேப்பர் இல்லை, தொங்கும் எடை அபூர்வம். பெல்ட்டும் தடித்த ரப்பர் இல்லை, மெல்லிய பிவிசி. ஐட்லருக்குப் பதிலாக ஒரு தகரத் தளம், அதன்மேல் பெல்ட் சறுக்கிக்கொண்டு போகும். புல்லியை நடுவில் துளி பெரிதாகக் கடைந்திருப்பார்கள். பெல்ட் எப்போதும் அந்த மேட்டை நாடி நடுவிலேயே நிற்கும், இதற்குக் கிரவுன் என்று பெயர். மோட்டார் சில சமயம் கண்ணுக்கே தெரியாது, உருளைக்கு உள்ளேயே இருக்கும்.

பெல்ட் இல்லாத ரோலர் கன்வேயரும் இங்கே நிறைய. அதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிட்ச், அதாவது ஒரு ரோலரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு உள்ள தூரம். பெட்டி எங்கே இருந்தாலும் அதன் அடியில் குறைந்தது மூன்று ரோலர் இருக்க வேண்டும் என்பது தொழிலின் அடிப்படை விதி. இரண்டே இருந்தால் முன்பக்கம் தலைகுப்புறத் தொங்கி அடுத்த ரோலரில் முட்டும். உங்கள் சிறிய பெட்டி 300 மி.மீ. நீளம் என்றால் பிட்ச் 100 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 75 வைத்தால் நிம்மதி. பழைய லைனில் புதிய வாடிக்கையாளரின் சின்னப் பெட்டிகளை ஏற்றி, சென்சார் சரியில்லை, ஸ்பீடு சரியில்லை என்று தேடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது டேப்பை எடுத்து பிட்ச்சை அளங்கள் என்று சொல்லத் தோன்றும்.

மோட்டார் ரோலர் வந்த பிறகு இந்தக் குடும்பமே மாறிவிட்டது. ரோலரின் குழாய்க்குள் 24 வோல்ட் மோட்டார். அது பக்கத்து ரோலர்களை ரப்பர் வளையத்தாலோ வரியிட்ட சின்னப் பெல்ட்டாலோ சுற்றுகிறது. இப்படி ஒரு மோட்டாரும் அதன் கூட்டமும் சேர்ந்தது ஒரு ஸோன், ஒவ்வொரு ஸோனுக்கும் ஒரு போட்டோ சென்சார். முன் ஸோனில் பெட்டி நின்றால் பின் ஸோன் தானாக நின்றுகொள்ளும், பெட்டியும் பெட்டியும் இடிக்காது. இடிக்காமல் வரிசையில் காத்திருக்க வைக்கும் இந்த வேலைக்கு அக்யுமுலேஷன் என்று பெயர். மண் சுமக்கும் பெல்ட்டுக்கு இப்படி ஒரு சொல்லே தேவைப்படாது, அங்கே பெல்ட் மேல் நிலக்கரி காத்திருந்தால் அது பிரேக்டவுன்.

சாப்பாட்டுத் தொழிற்சாலையில் இன்னொரு வகை: பிளாஸ்டிக் துண்டுகளை ஊசியால் கோத்த மாடுலர் பெல்ட். பெரும்பாலும் நீலம்தான். உணவில் நீல நிறம் அபூர்வம் என்பதால் உடைந்த துண்டு விழுந்தால் கண்ணில் படும். இதை ஓட்டுவது உராய்வு இல்லை, ஸ்பிராக்கெட் என்ற சக்கரத்தின் பல். அதனால் இறுக்க வேண்டிய அவசியமே இல்லை, திரும்பும் பாதையில் தொய்ந்து தொங்குவதுதான் அதன் ஆரோக்கியம். ஊர்ப் பழக்கத்தில் தொய்வைக் கண்டதும் கை ஸ்பேனருக்குப் போகும். இறுக்கினால் ஷாஃப்ட் வளையும், பேரிங் சூடாகும், பல் தேயும். இன்னொன்று, ஷாஃப்டில் வரிசையாக நிற்கும் ஸ்பிராக்கெட்டுகளில் நடுவில் உள்ளதை மட்டும் பூட்டிவிட்டு மற்றவற்றை நகர விட்டிருப்பார்கள். பூட்டாமல் விட்டுவிட்டார்களே என்று எல்லாவற்றையும் இறுக்கிவிடக் கூடாது. பிளாஸ்டிக் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். சுடுநீரில் கழுவிவிட்டுக் குளிர்அறையில் ஓட்டும் பெல்ட்டுக்கு அந்த இடம் வேண்டும்.

சுஷி கடையில் தட்டு சுற்றுவதும் இந்தக் குடும்பத்தின் உறவுதான். 1958-இல் ஒசாக்கா பக்கத்தில் யோஷியாகி ஷிராய்ஷி என்பவர், பீர் தொழிற்சாலையில் புட்டிகள் நகர்வதைப் பார்த்து இந்த யோசனையைப் பிடித்தார். பெல்ட் என்கிறோமே தவிர அது செயின், மேலே பிறை வடிவத் தகடுகள். சதுரத் தகடு வளைவில் வாய் பிளக்கும், பிறைத் தகடு ஒன்றன் வளைவுக்குள் ஒன்று திரும்பிக்கொள்ளும். விமானத்தில் வந்து இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருக்கும்போது தட்டையான கெருசலைப் பாருங்கள், அங்கேயும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பிறைத் துண்டுகள்தான்.

பெட்டி எங்கே?

அதே விமான நிலையத்தின் புறப்பாட்டுப் பக்கம் வந்தால் கவுன்ட்டரில் அடுத்தடுத்துக் குட்டிப் பெல்ட்டுகள். முதலாவது எடை போடுகிறது, அடுத்ததில் டேக் ஒட்டுகிறார்கள், கடைசியானது பின்னால் ஓடும் பெரிய பெல்ட்டில் இடம் காலியாகும்வரை காத்திருந்து பெட்டியைத் தள்ளிவிடுகிறது. டேக்கில் பத்து இலக்க எண் இருக்கும். முதல் இலக்கத்துக்கு அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தின் எண், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618. மீதி ஆறு வரிசை எண். இந்தப் பத்து இலக்கத்துக்கு அந்தத் தொழிலில் லைசன்ஸ் பிளேட் என்றே பெயர். வளைவு மாதிரி நிற்கும் சட்டத்தில் பல கோணங்களிலிருந்து லேசர் அல்லது கேமரா அதைப் படிக்கிறது.

படித்த பிறகுதான் உண்மையான வேலை. எண்ணைப் படித்த இடம் ஒன்று, பெட்டி திரும்ப வேண்டிய இடம் பல மீட்டர் தள்ளி. நடுவில் ஒவ்வொரு இடத்திலும் திரும்பத் திரும்பப் படிப்பதில்லை. கட்டுப்பாட்டுக் கணினி கணக்குப் போட்டுக்கொண்டே போகிறது. பெல்ட்டோடு சுற்றும் என்கோடர் ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் ஒரு துடிப்பு அனுப்பும், கணினி அதை எண்ணும். பெல்ட் நொடிக்கு 1 மீட்டர் ஓடினால், 3 மீட்டர் தள்ளி இருக்கும் போட்டோ சென்சாரை 3 நொடியில் பெட்டி மறைக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்று ஓர் எல்லை வைத்திருப்பார்கள். எல்லைக்குள் வராவிட்டால், வந்தது எந்தப் பெட்டி என்று கணினிக்குத் தெரியாது. தெரியாத பெட்டியை எந்த விமானத்துக்கும் அனுப்ப முடியாது. அது ஆள் உட்கார்ந்து கையால் எண்ணைப் படிக்கும் இடத்துக்குப் போய்விடும்.

இதற்குத்தான் இங்கே டிராக்கிங் என்று பெயர். இப்போது ஊரிலிருந்து வந்த புதியவரின் நிலைமையை யோசியுங்கள். கன்ட்ரோல் ரூமிலிருந்து வாக்கிடாக்கியில், "தம்பி, பன்னிரண்டாம் லைன்ல டிராக்கிங் போவுது, பாரு" என்கிறார்கள். அவர் ஸ்பேனரோடு போய்ப் பெல்ட் விளிம்பைப் பார்க்கிறார். பெல்ட் நடுவில் அழகாக ஓடுகிறது. "அண்ணே, டிராக்கிங் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். இருவர் சொல்வதும் சரி. கன்ட்ரோல் ரூம் கேட்டது பெட்டியின் கணக்கு, அவர் பார்த்தது பெல்ட்டின் நடை. கணக்கு தவறக் காரணம் வேறு இடத்தில் இருக்கும்: என்கோடர் சக்கரம் பெல்ட்டை ஒழுங்காகத் தொடவில்லை, சென்சார் கண்ணாடியில் தூசி, தொங்கும் பட்டை உள்ள பை சென்சாரை இரண்டு தடவை மறைக்கிறது, அல்லது வழுவழுப்பான ஹார்ட் கேஸ் பெட்டி மேட்டில் ஏறும்போது பெல்ட்மேல் வழுக்குகிறது. கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க அங்கே நின்று ஒரு பத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஜாம் என்ற சொல்லும் இப்படித்தான். நிலக்கரி ஆளுக்கு ஜாம் என்றால் சூட் அடைத்து மலையாகக் குவிவது. இங்கே ஒரு சென்சார் குறிப்பிட்ட நொடிக்கு மேல் மறைந்திருந்தாலே ஜாம் அலாரம், போய்ப் பார்த்தால் சென்சார் முன்னால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு குடும்பமும் ஒன்று. ஒரு பெல்ட் நின்றால் அதற்குச் சரக்கு ஊட்டும் பின்பெல்ட்டுகள் எல்லாம் நிற்க வேண்டும், கிளம்பும்போது கொட்டும் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கிளம்ப வேண்டும். இந்த இன்டர்லாக்கை ஸ்விட்ச் போட்டுத் தாண்டுகிறவர், சரக்கு எங்கே குவியப் போகிறது என்று யோசித்துவிட்டுத் தாண்டட்டும்.

நிற்கிறது வேறு, அணைத்திருக்கிறது வேறு

பெல்ட் புல்லிக்குள் நுழையும் கோட்டுக்கு நிப் பாயின்ட் என்று பெயர். கன்வேயர் காவு வாங்கும் இடம் அதுதான். நொடிக்கு 1 மீட்டர் என்பது மனிதன் மெதுவாக நடக்கும் வேகம், பார்த்தால் பயமே வராது. விரல் மாட்டியதை மூளை உணர்ந்து கை இழுக்கக் கால் நொடி ஆகும் என்று வைத்தாலும் அதற்குள் 25 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கும். காவல் கூண்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும் முடியாது என்று சொல்லலாம். இங்கே வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 முதல் இருக்கிறது, சக்தி மூலங்களைப் பூட்டிக் குறியிடுவதற்கென்றே எஸ்எஸ் 571 என்ற நடைமுறை விதித்தொகுப்பும் இருக்கிறது.

பெல்ட் ஓரமாக ஓடும் புல்கார்டு கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்கும், அவ்வளவுதான். அது நிறுத்தும் கருவி. உள்ளே கை விட அனுமதி தருவது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரில் நீங்கள் போட்ட உங்கள் பூட்டு, சாவி உங்கள் பையில். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. அதற்குப் பிறகும் சக்தி எங்காவது ஒளிந்திருக்கும். தொங்கும் 2 டன் எடை கரன்ட் போனால் லேசாகிவிடாது, மேட்டில் நிற்கும் சுமைப் பெல்ட் ஹோல்ட்பேக்கைக் கழற்றியதும் கீழே வரும், பெட்டியைத் தள்ளும் புஷரில் காற்றழுத்தம் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது குடும்பத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இங்கே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பெட்டி வராதபோது பெல்ட்டுகள் தாமாக நின்றுவிடும், ஒரு பெட்டி வந்து சென்சாரை மறைத்ததும் தாமாகக் கிளம்பும். சைரன் ஊதி, விளக்குச் சுற்றிக் கிளம்பும் சுரங்கப் பெல்ட்டில் பழகியவர், நிற்கும் பெல்ட்டைப் பார்த்ததும் பவர் இல்லை என்று எடுத்துக்கொள்வார். அது தூங்குகிறது, அவ்வளவுதான். 24 வோல்ட் தானே என்று மோட்டார் ரோலரில் கை வைப்பதும் இந்த வகை. ஷாக் அடிக்காது, விரலைக் கடிக்கும்.

ஸ்டோருக்கு எழுதும்போது

"ரோலர் ஒன்று, அவசரம்" என்று எழுதி அனுப்பினால் வருவது பெரும்பாலும் பொருந்தாது. கேட்க வேண்டியவை குழாயின் வெளிவிட்டம், குழாயின் நீளம், ஷாஃப்டின் விட்டம், ஷாஃப்ட் முனை எப்படி என்பது. ரோலர் நீளத்தை ஆளுக்கு ஒரு மாதிரி அளப்பார்கள்: குழாய் மட்டும், ஷாஃப்ட் நுனியிலிருந்து நுனி, இரண்டு ஃபிரேமின் உட்பக்க இடைவெளி. பெட்டி கன்வேயர்க்காரர்கள் கேட்பது மூன்றாவதை, அதனால் கழற்றிய ரோலரை அளப்பதைவிட ரோலர் இல்லாத இடத்தில் ஃபிரேமை அளப்பது உத்தமம். ஷாஃப்ட் முனை ஸ்பிரிங்கில் உள்ளே அமுங்குமா, ஆறு பட்டையா, உருண்டையா, உள்ளே மரை வெட்டியதா என்பதையும் எழுதுங்கள். ஸ்பிரிங் முனை இல்லாததை வாங்கிவிட்டால் ஃபிரேமைப் பிரிக்காமல் மாட்ட முடியாது. வளையம் ஓடும் பள்ளம் குழாயில் இருந்தால் அது எந்தப் பக்கம், முனையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்பதும் வேண்டும்.

ஐட்லருக்கு இதோடு பேரிங் எண். 6204 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், ஷாஃப்ட் உட்காரும் துளை 20 மி.மீ., 6205 என்றால் 25. பேரிங்கைவிட சீல் முக்கியம் என்பது என் கருத்து: கடற்காற்றிலும் ஈரத்திலும் பெரும்பாலான ஐட்லர் சாவது சுமையால் இல்லை, சீல் வழியாக நீர் புகுந்து.

பெல்ட் கேட்கும்போது அகலம், அடுக்கு, மேல் உறை, கீழ் உறையின் தடிமன், அப்புறம் முடிவில்லா நீளம். முடிவில்லா என்றால் இணைத்த பிறகு ஒரு முழுச் சுற்றின் நீளம். பழைய பெல்ட்டை அறுத்துத் தரையில் நீட்டி அளந்தால் அது வேலை செய்து நீண்டுபோன அளவு. டேக்-அப்பை முழுக்கத் தளர்த்தி வைத்துவிட்டு டேப்பைப் புல்லிகளைச் சுற்றியே ஓட்டி அளப்பது நல்லது. இணைப்பைச் சூடாக வல்கனைஸ் செய்யப் போகிறார்களா, இரும்புக் கிளிப் போடப் போகிறார்களா என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சூட்டு இணைப்புக்கு இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும், அதற்கு நீளம் கூடுதலாகத் தேவை. கிளிப் என்றால் ஸ்கிரேப்பரின் பிளேடு அதில் தட்டும், பிளேடை அதற்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டியிருக்கும்.